ஷிப்டுக்குள் போன ஞாயிறு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் ஒரகடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் அந்தக் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணுக்கு எட்டியவரை கழனியும் ஏரிக்கரையும்தான். இன்று அங்கே மேம்பாலம். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் அதன் கீழே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுகின்றன. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான், இவற்றோடு டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், ஃபாக்ஸ்கான் என்று ராமானுஜர் பிறந்த மண் இருபது வருஷத்துக்குள் வேறு ஊராகிவிட்டது.

முதலீடு எத்தனை கோடி, எடுத்த நிலம் எத்தனை ஏக்கர் என்ற கணக்கைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்னொரு கணக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களின் வாரக் கணக்கு அது. ஏழு நாளில் எந்த நாள் எல்லோருக்கும் பொதுவானது, சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்கள் என்பதை வைத்தே இங்கே விசுவாசம் வளர்ந்தது. அந்தக் கணக்குதான் இப்போது குலைந்திருக்கிறது.

இங்கே கிறிஸ்தவம் வந்த விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். ஸ்காட்லாந்து மிஷனின் ஜான் ஆண்டர்சன் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் பள்ளிக்கூடங்களைக் கொண்டுவந்தார். காஞ்சிபுரத்தின் ஆண்டர்சன் பள்ளியும் செங்கல்பட்டின் கொலம்பா பள்ளியும் அந்த மிஷன் விட்டுச்சென்றவை. வடக்கே திருவள்ளூரிலும் ஈக்காட்டிலும் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி இருந்தார். கத்தோலிக்கர்களின் வேர் இன்னும் பழையது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் வடக்கிலிருந்து வந்து குடியேறிய கீழச்சேரி போன்ற பங்குகள் அதற்குச் சாட்சி. ஆனாலும் கிராமம் கிராமமாகச் சபைகள் எழுந்தது 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான். அப்படிச் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரியில் வாழ்ந்த, கையகல நிலமும் இல்லாத படியாட்கள்.

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமன்ஹீர், மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டே வந்த அரசாணையிலிருந்து பிறந்தது அவர்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம். அந்த நாட்களில் செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ என்ற மிஷனரி, சேரி மக்கள் தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து மனு போட உதவினார். மறைமலைநகர் பக்கத்தில் இன்றும் இருக்கும் மெல்ரோசாபுரம், அவர் கிறிஸ்தவ உழவர்களுக்காக உண்டாக்கிய குடியிருப்பு. கௌடியோ 1894-ல் பறையர்களுக்கும் நிலத்துக்கும் உள்ள உறவைப் பற்றியே பத்திரிகையில் எழுதினார். ஆக, இந்த மாவட்டத்தில் வேதமும் நிலமும் ஒரே கையால் கேட்கப்பட்டவை. ஞானஸ்நானத் தொட்டிக்கும் கழனி வரப்புக்கும் இடையே இங்கே தூரம் அதிகம் இல்லை.

அன்றைய கிராமக் கோயில் என்பது ஓடு வேய்ந்த ஒற்றை அறை. திங்கள் முதல் வெள்ளி வரை அதுவே பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை கரும்பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பாய் விரித்தால் ஆலயம். அ, ஆ சொல்லிக்கொடுத்த வாத்தியாரே ஞாயிறன்று உபதேசியார். ஐயரோ சாமியாரோ மாதத்துக்கு ஒருமுறை சைக்கிளில் வருவார்கள். மற்ற வாரங்களில் ஜெபம் நடத்துவது, வீட்டுக்கு வீடு போய் நோயாளியைப் பார்ப்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையை விலக்குவது, தாலுகா ஆபீசுக்கு மனு எழுதித் தருவது எல்லாம் உபதேசியார் வேலை. மணி அடித்தால் ஏரிக்கு அக்கரையில் களை எடுப்பவர்களுக்கும் கேட்கும். முதல் மணிக்குக் குளிப்பு, இரண்டாம் மணிக்கு எண்ணெய் தடவித் தலை வாருவது, மூன்றாம் மணிக்குப் பாயில் இடம் பிடிப்பது.

சாயங்காலத்துக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. மாடு கட்டி, பால் கறந்து, அடுப்பில் உலை வைத்த பிறகு சிம்னி விளக்கைச் சுற்றிக் குடும்ப ஜெபம். ஒரு பாமாலையோ கீர்த்தனையோ, எழுத்துத் தெரிந்த பிள்ளை வாசிக்கும் ஒரு வேதப் பகுதி, பிறகு தாத்தாவின் நீண்ட ஜெபம், முடிவில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை. தாத்தா ஜெபத்தில் எல்லாம் வரும். ஏரி நிரம்ப வேண்டும், கலங்கல் உடையக் கூடாது, செவலைப் பசு நல்லபடி கன்று போட வேண்டும், ஊரில் இருக்கும் முதலியார் மனம் இளக வேண்டும். சின்னதுகள் பாதியிலேயே மடியில் தூங்கிவிடும். வேதபாடத்தைவிட இந்த ஜெபத்தில்தான் பிள்ளைகள் கடவுளைக் கற்றார்கள் என்று நினைக்கிறேன். தங்கள் வீட்டுக் கடனும் காய்ச்சலும் கடவுளிடம் பேசப்படும் விஷயங்கள் என்று அங்கேதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. படியாளுக்கு ஞாயிறு சும்மா கிடைத்துவிடவில்லை. அறுவடை நாளில் ஆண்டை கூப்பிட்டால் கோயில் மணியைக் காதில் வாங்காமல் போகத்தான் வேண்டும். முடியாது என்றவனுக்கு மறுவாரம் வேலை இல்லை. கோயிலுக்குள்ளும் சாதி வந்து உட்கார்ந்தது. செத்த பிறகு கல்லறையில்கூட சாதி பார்த்துப் பிரித்த பங்குகள் தமிழ்நாட்டில் உண்டு. பஞ்சமி நிலமோ ஒன்றிரண்டு தலைமுறைக்குள் ஏராளமாகக் கை மாறிப்போனது. அதை மீட்கக் காரணை கிராம மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. இந்த மாவட்டத்து மண்ணின் கதை இந்த இரண்டு பெயர்களில் இருக்கிறது.

பெயர் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாத தலித்தைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் அதைத் திறக்கச் சொல்லித் தீர்மானமே போட்டது. திறக்கும்வரை சேரியில் பல பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். கோயில் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இன்னொன்று. அம்மா கூப்பிடுவது ஒரு பெயர், ஆலை வாசலில் அடையாள அட்டை தேய்க்கும்போது திரையில் வருவது வேறு பெயர். படிப்புக்கும் வேலைக்கும் வழி தேடிய பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிள்ளையை இரண்டு பெயரோடு வாழவிட்ட ஆணைதான் திருத்தப்பட வேண்டும்.

அன்றைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்தது அறுப்பின் பண்டிகை. சம்பா அறுவடை முடிந்து, சபை குறித்த ஞாயிறன்று கோயில் முகப்பில் நெற்கதிரும் கரும்பும் வாழையும் கட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் முதற்பலன் வரும். மரக்காலில் அளந்த நெல், பூசணி, சுரைக்காய், முட்டை, காலைக் கட்டிய சேவல், சில வீடுகளிலிருந்து ஆட்டுக்குட்டி. நிலமில்லாத வீட்டுப் பெண்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். தினமும் உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வருஷம் முழுவதும் சேர்த்ததைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். ஒரு முட்டையின் விலை சேவல் விலைக்கு ஏறும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடி ஏலத்துக்கே கொடுப்பார். பக்கத்து ஊர் இந்துக்களும் வந்து கேட்பார்கள். அந்தப் பணத்தில்தான் கூரை மாற்றுவது, உபதேசியார் படி, ஏழைப் பெண்ணின் கல்யாணச் செலவு. பண்ணையில் கூலியாக வாங்கிய நெல்லில் ஒரு பங்கைத் தன் கையால் பீடத்தில் வைத்தபோது, அந்த மனிதன் அந்த ஒரு நாள் கொடுக்கிறவனாக நின்றான். வருஷம் முழுக்கக் கையேந்தியவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அப்புறம் நிலம் போனது. தொழில் தேவைக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1997-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் எடுத்த நிலத்துக்கு இழப்பீடு பட்டா யார் பெயரில் இருந்ததோ அவர்களுக்குப் போனது. அந்தக் கழனியில் நாற்று நட்ட கைக்குப் பட்டா ஏது? சேரிக்கு வந்த பங்கு பெரும்பாலும் வேலையாகத்தான் வந்தது. கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், லோடிங், காண்ட்ராக்ட் ஆபரேட்டர். ஐடிஐ, டிப்ளமா முடித்த பிள்ளைகளுக்கு டிரெய்னி. அதிர்ஷ்டமுள்ள சிலருக்கு பர்மனென்ட். ரோட்டோரம் கொஞ்சம் மனை வைத்திருந்தவர்கள் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள்.

வந்ததைச் சிறிது என்று சொல்லக் கூடாது. ஆண்டை வாசலில் நின்றவரின் பேரன் இன்று மாதச் சம்பளக்காரன். பேத்தி தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கிறாள், கல்யாணத்துக்கு முன் தம்பியைப் படிக்கவைக்கிறாள். எந்தப் பிரசங்கமும் செய்ய முடியாத விடுதலையை அந்தச் சம்பளம் செய்திருக்கிறது. கழனிக்கே திரும்புங்கள் என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் அந்தச் சம்பளத்தோடு ஷிப்டும் வந்தது. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் காலை ஆறு. இதில் வாரத்துக்கு வாரம் மாற்றம். அப்பாவுக்கும் தங்கைக்கும் செகண்ட், அண்ணனுக்கு நைட் என்றால் அந்த வீட்டில் ஏழு மணி ஜெபத்துக்கு யார் உட்காருவது? அம்மா ஒருத்திதான். ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும், சத்தமாகப் பாட முடியாது. இன்னொன்று இன்னும் வந்திருக்காது, அதற்குச் சோறு எடுத்து வைக்க வேண்டும். பல வீடுகளில் குடும்ப ஜெபம் இப்படித்தான் ஒரு தாயின் தனி ஜெபமாகச் சுருங்கியது. விசுவாசம் குறைந்துபோனதாகப் பிரசங்கத்தில் கடிந்துகொள்கிறவர்கள் அந்த வீட்டின் ஷிப்ட் அட்டவணையை ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டும்.

பெண்கள் இரவில் ஆலைக்குப் போவது தானாக வந்ததல்ல. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரவு ஏழிலிருந்து காலை ஆறு வரை பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சமத்துவத்துக்கு விரோதம் என்று அந்தத் தடையை நீக்கி, போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளை விதித்தது. வேலை செய்யும் உரிமை என்ற அளவில் தீர்ப்பு சரியானது. சில வருஷத்தில் வந்த செல்போன் ஆலைகளின் வரிசைகள் பெரும்பாலும் இளம்பெண்களால் நிரம்பின. அரக்கோணம், திருத்தணி, செய்யாறு, வந்தவாசி என்று நாலா பக்கமும் பஸ் போய் ஏற்றிவந்தது. 2014 நவம்பர் 1-ம் தேதி நோக்கியா ஆலை நின்றபோது, இருபத்தைந்து வயதிலேயே வேலை இழந்தவர்களாக அவர்களில் பலர் வீடு திரும்பினார்கள்.

ஜெபக் குறிப்புகளும் அதற்கேற்ப மாறின. இன்று ஒரு சபையில் ஜெப விண்ணப்பச் சீட்டுகளைப் பிரித்தால் ஏரியும் இல்லை, பசுவும் இல்லை. பர்மனென்ட் ஆக வேண்டும், காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும், வீட்டுக் கடன் இஎம்ஐ தவறக் கூடாது, நைட் ஷிப்டால் போன தூக்கம் திரும்ப வேண்டும், அயர்லாந்துக்கு நர்ஸ் விசா கிடைக்க வேண்டும். தாத்தா கேட்டதற்கும் பேத்தி கேட்பதற்கும் உள்ளே இருக்கும் பயம் ஒன்றேதான். வானம் பொய்த்துவிடுமோ என்று அவர் பயந்தார். ஆர்டர் நின்றுவிடுமோ என்று இவள் பயப்படுகிறாள்.

அறுப்பின் பண்டிகை இன்னும் நடக்கிறது. முகப்பில் கட்டும் கரும்பும் வாழையும் கோயம்பேட்டிலிருந்து வருகின்றன. ஏலத்தில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, சர்க்கரை, பிஸ்கட் டப்பா, குக்கர். தசமபாகம் கியூஆர் அட்டையைக் காட்டி வாங்கப்படுகிறது. இதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் மாதச் சம்பளத்தைக் கவரோடு கொண்டுவந்து பீடத்தில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெண், கைப்பிடி அரிசி சேர்த்த பாட்டியின் வாரிசுதான். கொடுக்கிற கை மாறவில்லை. அந்த ஞாயிறு வர முடியாமல் போகிறவர்களின் எண்ணிக்கைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

சபைகளின் முகமும் மாறியிருக்கிறது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஸ்காட்லாந்து மிஷன் கோயிலும் வெஸ்லியன் கோயிலும் ஒரே குடைக்குள் வந்தன. 2002-ல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது. இதற்கிடையில் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை மாடி அறைகளிலும் தகர ஷெட்டுகளிலும் பெந்தெகொஸ்தே சபைகள் முளைத்தன. பழைய சபைக்காரர்கள் இவற்றை ஏளனமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லை. ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்காக வெள்ளி இரவு ஜெபம் வைத்ததும், புதிதாக வந்து ரூமில் ஒண்டியாகக் கிடக்கும் பையனைத் தேடிப்போய் ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பாடு போட்டதும் பல இடங்களில் அவர்கள்தான். டிசம்பர் 31 இரவு வாக்குத்தத்த அட்டை வாங்க அந்தத் தகர ஷெட்டுக்கு வெளியே ரோடு வரை நிற்கும் கூட்டத்தில் பல பேர் யூனிபார்மைக்கூட மாற்றாமல் வந்தவர்கள்.

இப்போது இன்னொரு கூட்டமும் வந்திருக்கிறது. ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்ட். ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் முண்டா, உராவ் கிறிஸ்தவப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய முன்னோர் கதையைக் கேட்டால் செங்கல்பட்டுக் கதை போலவே இருக்கும். 1885-ல் சோட்டா நாக்பூருக்கு வந்த பெல்ஜிய இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஜமீன்தார்களுக்கு எதிராக அந்தப் பழங்குடிகளின் நில வழக்குகளை நடத்திக்கொடுத்தார். அப்படித்தான் அங்கே சபை வளர்ந்தது. அவரும் ஆடம் ஆண்ட்ரூவும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். நிலத்துக்காக மனு போட்ட இரண்டு மக்களின் கொள்ளுப்பேத்திகள் இன்று நிலம் இல்லாமல் ஒரகடத்தில் ஒரே அசெம்பிளி லைனில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். நம் கோயிலில் அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் ஒரு பாட்டாவது உண்டா?

விடுதிகளைப் பற்றிப் பேசாமல் இன்றைய குடும்ப வாழ்வைப் பேச முடியாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் கெட்ட சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். தேவாலயங்களில் குடில் கட்டிக்கொண்டிருந்த வாரம் அது. நல்ல வேளையாக அதன்பின் அரசு அசைந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் ஜனத்தொகை அது, அத்தனையும் இளம்பெண்கள். அடுத்த மாதமே சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் உபதேசியார் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதித் தந்ததை ஆன்மிகம் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. விடுதிப் பெண்ணின் சாப்பாட்டுத் தட்டும் அவளுடைய சங்க உரிமையும் அதே வகையில் திருச்சபையின் காரியம்தான். 1891-ல் பாப்பரசர் 13-ம் லியோ தொழிலாளர்களைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலிலேயே சங்கம் வைக்கும் உரிமையும் ஞாயிறு ஓய்வும் பேசப்பட்டிருக்கின்றன.

ஞாயிறு ஓய்வு இந்தியத் தொழிலாளிக்கு மிஷனரி கொடுத்த பரிசு என்று சிலர் நினைக்கிறார்கள். பம்பாய் மில் தொழிலாளர்களைத் திரட்டி நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கில் போராடி 1890-ல் வாங்கித் தந்தது அது. சுதந்திர இந்தியாவின் 1948 சட்டமும் அதை மதித்தது. வாரத்தின் முதல் நாள், அதாவது ஞாயிறு, விடுமுறை என்று 52-வது பிரிவு சொன்னது. வேலை வாங்க வேண்டுமானால் அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாளுக்குள் மாற்று ஓய்வு தர வேண்டும், ஓய்வில்லாமல் பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்று வரம்பும் கட்டியது. நடைமுறையில் மாற்று ஓய்வே வழக்கமாகிவிட்டது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வாரத்தின் எந்த நாள் ஓய்வு என்பதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஓய்வு எந்த நாளானால் என்ன என்று கேட்கலாம். செவ்வாய்க்கிழமை ஓய்வு கிடைத்த பெண் தூங்குவாள், துணி துவைப்பாள், போன் பார்ப்பாள். அவள் தம்பி பள்ளிக்கூடத்தில் இருப்பான், அப்பா வேலையில் இருப்பார், கோயில் பூட்டியிருக்கும். உடம்புக்கு ஓய்வு கிடைத்தது. குடும்பமும் சபையும் கிடைக்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை இது. ஆடி ஞாயிறில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, பக்கத்து வீட்டுப் பெண்ணும் இதே காரணத்தால்தான் அங்கே இல்லை. பண்டிகை விடுமுறையும் இப்படித்தான். தமிழ்நாட்டின் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலைகளுக்கு நான்கு தேசிய விடுமுறை, அதற்கு மேல் ஐந்து பண்டிகை விடுமுறை. அந்த ஐந்துக்குள் பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் அடங்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு இடம் கிடைத்துவிட்டாலும் பெரிய வெள்ளிக்குக் கிடைப்பது அரிது. மதியம் மூன்று மணிக்குச் சிலுவையடியில் நிற்க வேண்டிய பெண் அந்த நேரத்தில் செகண்ட் ஷிப்டில் இருக்கிறாள்.

மாற்ற முடியாத விஷயம் என்று இதை விட்டுவிட நான் தயாரில்லை. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்துக்குள் அது திரும்பப் பெறப்பட்டது. கேட்டால் நடக்கும் என்பதற்கு இந்த மாநிலத்திலேயே, இதே தொழிலாளர் விஷயத்திலேயே சமீபத்திய உதாரணம் இது.

எனவே மூன்று பேரிடம் என் வேண்டுகோள். முதலில் குருக்களும் ஆயர்களும் பாஸ்டர்களும். சனி மாலைத் திருப்பலியில் கலந்துகொண்டால் ஞாயிறுக் கடமை நிறைவேறும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அதை விடுதி வாசலுக்குக் கொண்டுபோங்கள். மற்ற சபைகள் வாரத்தில் இன்னொரு நாள், ஷிப்ட் முடியும் நேரம் பார்த்து, ஒரு ஆராதனை வையுங்கள். வல்லம் வடகாலில் இருக்கும் பெண்களுக்கென்று ஒரு சகோதரியை அல்லது ஒரு பெண் ஊழியரை முழுநேரமாக அனுப்புங்கள். இரண்டாவது, ஆலை நிர்வாகங்கள். சுழற்சி முறையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது ஓய்வாக விழும்படி அட்டவணை போடுவது மனிதவளத் துறைக்குப் பெரிய வேலையில்லை. கேட்கிற கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளியையும், கேட்கிற மற்றவர்களுக்கு அவரவர் ஊர்த் திருவிழாவையும் மாற்று விடுமுறையாகக் கொடுங்கள்.

மூன்றாவது, வாசிக்கும் நீங்கள். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் பக்கம் உங்கள் வீட்டில் யாராவது ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள் என்றால், உங்கள் சபை மூப்பரிடமோ பங்குப் பேரவையிடமோ தொழிற்சங்கத்திடமோ பேசி இந்தக் கோரிக்கைகளை ஒரு மனுவாக எழுதச் சொல்லுங்கள். ஆடம் ஆண்ட்ரூ காலத்துச் சேரி மக்கள் கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்து நிலம் கேட்டார்கள். உங்களுக்கு எழுதத் தெரியும். மனு தொழிலாளர் துறைக்கு ஒன்றும் உங்கள் ஆயருக்கு ஒன்றுமாகப் போகட்டும்.